உப்புப் போக

பேர்ணாம்பட்டு தோல் மண்டியில்
அப்பாவுக்கு ஒரே வேலை.
வந்திறங்கும் பச்சைத்தோலை
இரண்டு கையாலும் தூக்கி
மூன்று உதறு உதறித்
தராசில் போடுவது.
விற்பவன் உப்போடு எடை சொல்வான்,
வாங்குபவன் உப்புப் போகக் கேட்பான்.
நடுவில் நிற்கும் அப்பாவின் கை
முழங்கை வரைக்கும் வெடித்திருக்கும்.

முதல் சம்பளச் சீட்டை நீட்டினேன்.
பத்தொன்பதாயிரம் என்றேன்.
கண்ணாடியைத் தேடாமலே கேட்டார்:
"உப்புப் போக?"

பிஎஃப் ஆயிரத்து எண்ணூறு.
இஎஸ்ஐ நூற்று நாற்பத்து மூன்று.
படிப்புக் கடன், வட்டியும் குட்டியுமாய்,
மாதம் ஐயாயிரத்துத் தொள்ளாயிரம்,
இன்னும் எண்பத்து மூன்று மாதம்.
மீதி
பதினோராயிரத்து நூற்று ஐம்பத்தேழு.
அப்பா ஒன்றும் சொல்லவில்லை.
உள்ளுக்குள் இன்னொரு உதறு உதறியது
தோளில் தெரிந்தது.

அவரிடம் சொல்லாதவையும் உண்டு.
குடியாத்தத்தில் பஸ் மாறி
வேலூர் போய்த் திரும்பிய இரண்டு வருடம்.
அந்த இரண்டு வருடமும்
தைக்காமல் விட்ட ஷூ அப்பர்களின் கூலி.
கேம்பஸ் இன்டர்வியூவுக்கென்று
மே மாத வேலூர் வெயிலில் மாட்டிய
கறுப்புக் கோட்டு, இரண்டாயிரத்து எண்ணூறு.
அதற்கப்புறம் அதைப் போட்டது தம்பி மட்டும்தான்,
கிறிஸ்துமஸ் நாடகத்தில்
ஏரோது ராஜாவாக.

பன்னிரண்டாவதோடு நின்ற தில்ஷாத்
நான் எம்பிஏ சேர்ந்த அதே வாரம்
ஆம்பூரில் தையல் லைனில் சேர்ந்தாள்.
இன்றைக்கு மூன்றாம் லைன் சூப்பர்வைசர்.
சம்பளம் பதினாலாயிரம். கடன் இல்லை.
கையில் என்னைவிட ஆயிரம் கூட.
அவள் கார்டு என் மேசைக்குத்தான் வருகிறது.
அவள் பிந்திய ஏழு நிமிடத்தை
அரை நாளாக மாற்றும் வேலை
எனக்கு.
ஒரே டிபன் டப்பாவில் தின்றவர்கள்.
இப்போது கேன்டீனில் நான் உட்கார்ந்தால்
பேச்சு ஒரு கட்டை இறங்குகிறது.
இதை எந்தப் பக்கம் எழுத,
வரவிலா செலவிலா?

வகுப்பில் ஒரு கூம்பு வரைந்தார்கள்,
மனிதத் தேவைகள் ஐந்து படியாக.
பத்து மதிப்பெண் கேள்வி,
நான் ஒன்பது வாங்கினேன்.
ஃபேக்டரியில் அடிப்படிக்கும் கீழே
ஒரு படி இருந்தது:
லைனுக்கு இரண்டு டோக்கன்.
சிவப்பு பிளாஸ்டிக், நடுவில் ஓட்டை.
நாற்பத்தாறு பெண்கள்.
அது கையில் இல்லாமல்
கழிப்பறைப் பக்கம் போகக்கூடாது.
தண்ணியே குடிக்காமத் தைக்கிறோம்டி என்றாள் தில்ஷாத்.
என்னிடமில்லை.
எனக்குக் கேட்கும் தூரத்தில்
வேறொருத்தியிடம்.

படித்ததில் பாதி மறந்துவிட்டது.
மறக்காதது, மேலே இருப்பவர்களுக்கு
எதைச் சொன்னால் உறைக்கும் என்பது.
பெண்கள் படும் பாடு என்று நான் எழுதவில்லை.
சிறுநீர்த் தொற்றுக்கு எடுத்த லீவு, எட்டு மாதத்துக்கு;
அதனால் குறைந்த ஜோடிகள்;
வெளிநாட்டுக்காரன் ஆடிட்டுக்கு வரும் தேதி.
ஒரே தாள். கட்டம் போட்டு.
பதினொரு நாள் அது மாடியில் தூங்கியது.
பிறகு லைனுக்கு ஐந்து டோக்கன் ஆனது.
ஐந்துதான். ஒழியவில்லை.
கூடவே
பிந்தி வந்தால் பிடித்தம் கூடும் என்றொரு சுற்றறிக்கை.
இரண்டுக்கும் கீழே
என் கையெழுத்து.

நேற்று பஸ் ஸ்டாண்டில்
தில்ஷாத்தே பக்கத்தில் வந்து நின்றாள்.
கையில் ஒரு விண்ணப்பம்,
அஞ்சல் வழியில் அதே படிப்பு,
நாற்பத்தெட்டாயிரம், இரண்டு தவணை.
"சலோமி, நீ பார்த்துட்ட.
போட்டது திரும்புமா?"

எண்கள் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன.
"கோட்டு மட்டும் வாங்காத" என்றேன்.
சிரித்தாள்.
மூன்று மாதத்துக்கு அப்புறம்,
என்னைப் பார்த்து.

பேர்ணாம்பட்டு பஸ் வந்துவிட்டது.
முன்படியில் ஒரு கால் வைத்தபடி
திரும்பிக் கேட்டாள்:
"அந்த அஞ்சு டோக்கன், நீதானே?
அந்தப் பிடித்தமும்?"

சில்லறை தேடுகிறவள்போல
பையைக் குடைந்தேன்.
கண்டக்டர் விசில் அடித்தார்.